பட்டி என்றால் என்ன? இணையப் பேரகராதிக்கு ஒரு சோதனை

உசிலம்பட்டி, கோவில்பட்டி, ஆண்டிபட்டி, வாடிப்பட்டி, காரியாபட்டி, பாப்பிரெட்டிப்பட்டி. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் பக்கமும் சேலம், தருமபுரி பக்கமும் பஸ் பலகையை நிமிர்ந்து பார்த்தால் மூன்றில் ஒன்று பட்டியில் முடிவதுபோல இருக்கும். ‘பட்டி’ என்பது சின்ன ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். கதை வேண்டாம், ஆதாரம் வேண்டும் என்பவர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முக்கியமான கருவி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் ஏற்றி வைத்திருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. இந்த ஒரே சொல்லை வைத்து, அது எங்கே கை கொடுக்கிறது, எங்கே கை விடுகிறது என்று பார்க்கலாம்.

அச்சுப் பேரகராதி 1924-இல் தொடங்கி 1936-இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது. அவற்றில் 1,04,405 சொற்கள். பின்னர் வந்த பிற்சேர்க்கையில் இன்னொரு 13,357. பெரும்பகுதி வேலைக்குப் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை. இதைவிடப் பெரிய அகராதி தன் வீட்டில் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் எந்தப் பொருளை எங்கிருந்து எடுத்தோம் என்று அநேகமாக ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்டும் பழக்கத்தில் இதற்கு இணை குறைவு. ஊர்ப்பெயர் தேடுபவருக்குத் தேவை அந்தப் பழக்கம்தான்.

தேடும் முறையைச் சொல்லிவிடலாம். தமிழ் எழுத்திலேயே தட்டலாம், யூனிகோடு வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஒன்றும் வராது, அகராதியில் சொல்லே இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். ரோமன் எழுத்தில் தட்டுவதானால் இந்த அகராதியின் எழுத்துபெயர்ப்பு முறை தெரிந்திருக்க வேண்டும். ட எப்போதும் அடியில் புள்ளி வைத்த ‘டி’ (t) எழுத்துதான். பேச்சில் மென்மையாக ஒலித்தாலும் ‘பாடி’யின் நடுவெழுத்துக்கும் அதே எழுத்துதான். புள்ளியில்லாமல் தட்டினால் ‘பத்தி’யும் ‘பட்டி’யும் ஒரே குவியலாகக் கலந்துவிடும். கைபேசியில் புள்ளி எழுத்துக்குத் தடவிக்கொண்டிருப்பதைவிடத் தமிழிலேயே தட்டுவது நல்லது.

அடுத்து, ஊர்ப்பெயரை அப்படியே கொடுக்கக் கூடாது. உசிலம்பட்டி என்று தேடினால் கிடைக்காது. இது சொல்லகராதி, ஊர்ப்பெயர்ப் பட்டியல் அல்ல. பெயரைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: உசில் + அம் + பட்டி. நடுவில் இருக்கும் ‘அம்’ சாரியை, அதற்குத் தனிப்பொருள் தேட வேண்டாம். புளியம்பட்டியும் அப்படித்தான். வேப்பம்பட்டியில் கொஞ்சம் சிக்கல், ‘வேப்பு’ என்று தேடினால் ஏமாற்றம், ‘வேம்பு’ என்று தேட வேண்டும். மெல்லினம் வல்லினமாக மாறி நிற்கும் இந்த இடத்தில் புதிதாக வருபவர்களில் பலர் தடுக்கி விழுவார்கள். உசில் என்பது அரப்புத் தூளுக்கு இலை பறிக்கும் மரம் என்பது கிடைத்துவிட்டால் முன்பாதி முடிந்தது.

இப்போது பின்பாதி. ‘பட்டி’ என்று கொடுத்ததும் ஒரு பதிவு வராது, பல பதிவுகள் வரும். ஒவ்வொன்றின் தலையிலும் மேலேறிய சிறு எண் இருக்கும். எழுத்தில் ஒன்றாகவும் பிறப்பில் வேறாகவும் இருக்கும் சொற்களை அகராதி அந்த எண் கொடுத்துப் பிரித்து வைத்திருக்கிறது. இந்த எண்ணைப் பார்க்காமல் எல்லாப் பொருளையும் ஒரே கூடையில் போட்டுக் கலக்குவதுதான், சமூக ஊடகங்களில் சுற்றும் பெரும்பாலான ‘ஊர்ப்பெயர் ரகசியங்’களின் பிறப்பிடம்.

ஒரு கூட்டம் அடைப்பைச் சேர்ந்தது: மாட்டுத்தொழுவம், ஆட்டுக்கிடை, ஊர் மேய்ந்த மாட்டை அடைக்கும் கொண்டித்தொழு, ஆட்டுக்கிடை போடப் போதுமான நில அளவு, அதன் பக்கத்திலேயே சிற்றூர். இன்னொரு கூட்டம் அடங்காமையைச் சேர்ந்தது. பட்டிமாடு என்றால் கட்டுக்கு அடங்காமல் அலையும் மாடு. கலித்தொகை 51-ஆம் பாடலில் ‘நோதக்க செய்யும் சிறு பட்டி’ என்று தலைவி சொல்வது இந்தப் பட்டியைத்தான். சிற்றிலைக் காலால் சிதைத்து, கோதையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடும் குறும்புக்காரப் பையன் அவன். அந்தப் பட்டிக்கும் கோவில்பட்டிக்கும் உறவு தேடிப் போக வேண்டாம். மூன்றாவது கூட்டம் துணி, தோல், நாடா: இடுப்புப்பட்டி, கழுத்துப்பட்டி. இதுவும் வேறு குடும்பம். சுவருக்குப் பெயின்டுக்கு முன் பூசும் பட்டியோ ஆங்கிலத்திலிருந்து நேற்று வந்து குடியேறியது.

பட்டிமன்றம்? அதை ஊரோடு சேர்த்து, ‘பட்டியில் கூடிப் பேசிய மன்றம்’ என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் சொல்லும் பட்டிமண்டபம் புகார் நகரத்தோடு சேர்ந்தது. சிலம்பில் அது பகை மன்னன் கொடுத்த மண்டபம், மணிமேகலையில் வாதம் செய்யத் தெரிந்தவர்கள் ஏற வேண்டிய மேடை. ஆட்டுக்கிடைக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

பதிவைப் படிப்பதற்கு ஒரு சாவி வேண்டும். பொருளுக்குப் பின்னால் அடைப்புக்குள் சிறு குறிகள் இருக்கும். ‘பிங்.’ என்றால் பிங்கலம், ‘திவா.’ என்றால் திவாகரம், ‘சூடா.’ என்றால் சூடாமணி, மூன்றும் நிகண்டுகள், அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்கள். ரோமன் ‘டபிள்யூ’ மட்டும் இருந்தால் அது 1862-இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியிலிருந்து எடுத்தது. ‘ஜே’ என்றால் யாழ்ப்பாண வழக்கு. ‘லோக்.’ என்றால் வட்டார வழக்கு. இவை அலங்காரம் அல்ல, ஒவ்வொரு பொருளின் வயதையும் வலுவையும் இவைதான் சொல்கின்றன. நிகண்டு சொல்லும் பொருளுக்கு வயது அதிகம், ஆனால் செய்யுளில் வந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வின்ஸ்லோ குறி மட்டும் உள்ள பொருள் 19-ஆம் நூற்றாண்டு வழக்காக இருக்கலாம், அதை வைத்துக்கொண்டு சங்க காலம் வரை ஓடக் கூடாது. பதிவில் பொருள்கள் 1, 2, 3 என்று வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு அதுதான் கால வரிசை என்று எடுத்துக்கொள்வதும் தவறு.

குறிகளின் விளக்கம் அச்சுத் தொகுதியின் முன்பக்கங்களில் இருக்கிறது. தேடல் முடிவுப் பக்கத்தில் குறியைத் தொட்டால் விரிவு காட்டும் வசதி இருந்தால் பாதி வேலை குறையும். இணைய ஆவணகத்தில் (archive.org) அந்தத் தொகுதிகளின் பக்கப் படங்கள் கிடைக்கின்றன. முதல் தொகுதியின் குறுக்க விளக்கப் பக்கங்களை மட்டும் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வந்த இடத்தில் பக்கப் படத்தோடு ஒத்துப் பார்க்கவும் அது உதவும்.

இதுவரை பொருள். பிறப்பு விஷயத்தில்தான் பேரகராதி பாதியில் நின்றுவிடுகிறது. வடசொல் என்றால் தைரியமாகச் சொல்லும்: கிராமம் என்ற பதிவில் வடமொழி மூலத்தைக் காட்டி அம்புக்குறி போட்டிருக்கும். (அந்தக் கிராமமும் வேதமொழியில் முதலில் ஊரை அல்ல, ஒரு திரளைத்தான் குறித்தது என்பது தனிக்கதை.) தமிழ்ச் சொல் என்றால் பெரும்பாலும் கன்னடம், தெலுங்கு, மலையாள இணைச்சொற்களைச் சதுர அடைப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த அடைப்பைத் தாண்டிப் போகாதவர்கள் பாதி விடையோடு திரும்புகிறார்கள்.

அதற்கு அடுத்த படி அதே தளத்திலேயே இருக்கிறது: பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. இதில் எல்லாம் ரோமன் எழுத்து, தமிழில் தட்டிப் பயனில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண். அதற்குள் தமிழ் முதலில், பிறகு மலையாளம், கோத்தர், தோடர், கன்னடம், குடகு, துளு, தெலுங்கு என்று தெற்கிலிருந்து வடக்கே ஏறி பிராகூயில் முடியும். எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: இது மூல வடிவத்தைக் கட்டித் தராது. உறவுச் சொற்களை ஒரே திண்ணையில் உட்கார வைக்கும், அவ்வளவுதான். முடிவு நீங்கள் எடுக்க வேண்டும்.

பட்டியின் திண்ணை பார்க்கத்தக்கது. தமிழில் தொழுவம், கிடை, சிற்றூர், கூடவே சிற்றூரைக் குறிக்கும் ‘பட்டு’. மலையாளத்தில் ஆடுமாடு அடைக்கும் இடம். கன்னடத்தில் தொழுவமும் குடியிருப்பும். கன்னடத்துக்குத் தமிழ்க் கண்ணோடு போனால் இன்னொரு கதவு திறக்கும். அங்கே சொல்லின் முதலில் வந்த பழைய பகரம் இடைக்காலத்தில் ஹகரமாக மாறிவிட்டது. பால் ‘ஹாலு’ ஆனது, பல் ‘ஹல்லு’ ஆனது, பள்ளி ‘ஹள்ளி’ ஆனது. அதே வழியில் பட்டி ‘ஹட்டி’ ஆனது. கர்நாடகத்தில் கொல்லர் எனப்படும் ஆயர்களின் குடியிருப்புக்குக் கொல்லரஹட்டி என்றுதான் பெயர். (நம் இரும்படிக்கும் கொல்லரோடு குழப்ப வேண்டாம், அங்கே முதலெழுத்து மென்மையாக ஒலிக்கும்.) நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்கிறார்கள், இடுஹட்டி என்ற ஊர்ப்பெயரிலேயே அது நிற்கிறது. மேய்ப்பரின் அடைப்பும் மக்களின் குடியிருப்பும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தமிழில் மட்டும் நடந்த தற்செயல் அல்ல என்பதற்கு இந்த ஹட்டிகளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மலையாளத்தில் பட்டி என்றால் இன்று நாய். அதை இங்கே இழுத்து வந்து ‘நாய் காவல் இருந்த இடம் பட்டி’ என்று முடிச்சுப் போடுவது இணையத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து. அந்தச் சொல் வேறு பதிவில் இருக்கிறது. எண்ணைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

வாழும் வழக்கும் அகராதிக்குத் துணை நிற்கிறது. மாட்டுப் பொங்கலை யாழ்ப்பாணத்தில் பட்டிப் பொங்கல் என்பார்கள், கொங்கு நாட்டிலும் அந்தப் பெயர் உண்டு. அன்றைக்குக் கொங்கில் ‘பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக’ என்று கூவும்போது பெருக வேண்டும் என்று வேண்டுவது ஊர் அல்ல, அடைப்புக்குள் நிற்கும் மந்தை. படல் வைத்து ஆட்டை அடைப்பதற்கு இன்றைக்கும் பட்டி அடைப்பது என்றுதான் பேச்சு. இரவில் வயலில் கிடை போட்டு, புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் நெல்லோ பணமோ வாங்கி, சில நாளில் அடுத்த வயலுக்கு நகர்வது கிடைக்காரர் தொழில். தண்ணீரும் மேய்ச்சலும் நிலைத்த இடத்தில் அடைப்பு நின்றது, அதைச் சுற்றிக் குடிசை நின்றது, பெயரும் நின்றது என்பது பொருத்தமான விளக்கம். ‘பட்டிதொட்டி எங்கும்’ என்கிறோமே, அந்தத் தொட்டியையும் கவனியுங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் தகரத்தையும் டகரத்தையும் மென்மையாக ஒலித்துச் சொல்லும் ‘தொட்டி’ மாடு அடைக்கும் இடம்தான். ஆந்திரத்தில் ஊர் மேய்ந்த மாட்டை அடைப்பது ‘பந்தெலதொட்டி’யில். இரட்டைச் சொல்லின் இரு பாதியும் தொழுவமாக இருக்கலாம் என்பது அகராதி சொல்லாத, ஆனால் அகராதிகளை அருகருகே வைத்தால் தோன்றும் ஊகம். ஊகம் என்றே எழுதிவைக்க வேண்டும்.

இந்த இரண்டு அகராதிகளின் பெரிய குறை கல்வெட்டுப் பக்கத்தில்தான் தெரிகிறது. கல்வெட்டுகளில் பட்டிக்கு வேறொரு முகம் இருக்கிறது: ஒரு காரியத்துக்காக ஒதுக்கிவிட்ட நிலம். ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம் ஏரிப்பட்டி. போரில் இறந்தவன் குடும்பத்துக்குக் கொடுத்த நிலம் உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்றும் சொல்வார்கள், நெய்த்தோர் என்றால் ரத்தம். இங்கே ஆடும் இல்லை, மாடும் இல்லை, உரிமை எழுதப்பட்ட மண் இருக்கிறது. பேரகராதியில் உதிரப்பட்டி தனிச்சொல்லாக இருக்கிறது, ஆனால் ‘பட்டி’ என்று தேடுபவர் அதை எட்டிப் பார்க்க மாட்டார். ஆகவே சொல்லின் தொடக்கத்தை மட்டும் தேடாமல், சொல்லிறுதியில் ‘பட்டி’ வரும் தலைச்சொற்களையும், பதிவின் உட்பகுதியில் அது வரும் இடங்களையும் தேட வேண்டும். முடிவுகள் நிறைய வந்து குவியும், பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான். நில மானிய வழக்கை முழுதாகப் பிடிக்க எ. சுப்பராயலுவின் கல்வெட்டுச் சொல்லகராதி போன்ற தனி நூலுக்குப் போயாக வேண்டும்.

அப்படியானால் ஓர் ஊரின் பட்டி கிடையா, மானிய நிலமா? முன்பாதிதான் துப்புக் கொடுக்கும். முன்னால் மரப்பெயர் நின்றால் இரண்டுக்கும் இடமுண்டு. கோயில், ஏரி, தேவதை நின்றால் மானிய நிலமா என்று கேட்டுப் பார்ப்பது நியாயம், பக்கத்து ஊர்க் கல்வெட்டில் பெயர் வருகிறதா என்று தேடலாம். ரெட்டி, நாயக்கன் போன்ற பட்டத்தோடு ஆள்பெயர் நின்றால் அது பெரும்பாலும் விஜயநகர, மதுரை நாயக்கர் காலத்துக் குடியேற்றத்தின் அடையாளம். அதற்குள் பட்டி ‘ஊர்’ என்ற வெறும் ஒட்டாகத் தேய்ந்துவிட்டது. அங்கே போய்த் தொழுவத்தைத் தேடுவது வீண் வேலை. பட்டிவீரன்பட்டி, பாளையம்பட்டி போன்ற பெயர்களில் ஊரைக் குறிக்கும் சொல் மேல் இன்னொரு ஊர்ச்சொல் ஏறி உட்கார்ந்திருப்பதே அந்தத் தேய்மானத்துக்குச் சாட்சி. வாடிப்பட்டியில் வாடியும் அடைப்பு, பட்டியும் அடைப்பு என்று அகராதி காட்டும். விறகு வாடி, மீன் வாடி நமக்குத் தெரிந்ததே. அழகான பொருத்தம், ஆனால் அழகு சான்று ஆகாது.

ஊர்ப்பெயரின் கடைசியில் வரும் ‘பட்டு’ என்பதையும் பேட்டையையும் பிரிக்க அகராதியைவிட உள்ளூர்ப் பலகை உதவும். சென்னைச் சேத்துப்பட்டை ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்துப் பேட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆங்கில எழுத்திலிருந்து பின்னோக்கிப் போய் தமிழ்ப் பெயரை ஊகிக்கவே கூடாது. செங்கல்பட்டுக்குச் செங்கழுநீர்ப்பட்டு என்று பழைய வடிவம் சொல்வார்கள், செங்கல்லை அகராதியில் தேடுவது தவறான கதவு. மட்டக்களப்பின் கோறளைப்பற்று, மண்முனைப்பற்று இவற்றில் இருப்பது பற்று, றகரம். அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். ஆயர்பாடியின் பாடிக்கும் மேய்ச்சல் வாடை அடிக்கிறது என்றாலும் அது தனிச்சொல்.

இன்றைய பொருள் மட்டும் போதும் என்றால் இவ்வளவு தூரம் வர வேண்டியதே இல்லை. 1992-இல் முதலில் வந்து 2008-இலும் 2020-இலும் விரிந்த க்ரியா அகராதி தற்கால வழக்குக்கு வசதி, எடுத்துக்காட்டு வாக்கியமும் தரும். பிறப்பைத் தேட அது உதவாது, அது அந்த வேலைக்குச் செய்ததும் அல்ல.

மதிப்பெண் கேட்டால்: பொருளைத் தேடப் பேரகராதியின் இணைய வடிவத்துக்குப் பத்துக்கு ஒன்பது. சொற்பிறப்புக்கு அது மட்டும் என்றால் ஐந்து, பர்ரோ-எமனோவையும் பக்கத்துத் தாவலில் திறந்து வைத்தால் எட்டு. ஊர்ப்பெயருக்கு ஆறு, அந்த ஆறும் பெயரைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான். கட்டணம் இல்லை, செயலி எதையும் நிறுவவும் வேண்டாம். ஒன்றே ஒன்று: பதிவை நகலெடுத்து ஒட்டும்போது தலைச்சொல்லின் மேலேறிய எண் சாதாரண எண்ணாகச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், சில இடங்களில் காணாமலே போகும். எந்தப் பட்டியை மேற்கோள் காட்டுகிறீர்கள் என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது, கையால் எழுதிவிடுங்கள்.